தாழிக்குள் ஒரு நோய்க் குறிப்பு

சித்தன்னவாசல் சித்திரங்களைக் காண வருவோர், வழியில் தரையோடு தரையாய்க் கிடக்கும் கல்வட்டங்களைப் பெரும்பாலும் திரும்பியும் பாரார். அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஈமச் சின்னங்கள். புதுக்கோட்டைச் சீமையில் இத்தகைய கல்வட்டங்களும் முதுமக்கள் தாழிகளும் பல இடங்களில் உண்டு.

தாழியைப் பற்றிப் பாட்டிமார் சொல்லும் கதையை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். முற்காலத்தவர் நூறு வயது கடந்தும் சாகாமல், உடல் சுருங்கிக் குழந்தைபோல் ஆகிவிடுவராம். அவர்களைச் சோற்றோடும் விளக்கோடும் தாழியில் இட்டு மூடிவிடுவராம். பூர்வீகர் நோயறியார் என்று மேடையில் முழங்குவோரும் இக்கதையின் வாரிசுகளே.

எலும்பு இதை ஒப்புக்கொள்வதில்லை. கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டில் 2020இல் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. ராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகேயுள்ள பாலாத்தலில் கிடைத்த நடுவயது ஆடவன் ஒருவனுக்குக் குஷ்டரோகம் இருந்ததென ஆராய்ச்சியாளர் 2009இல் வெளியிட்டனர். அவன் வாழ்ந்து நாலாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்நோய் எலும்பை அரிக்கும் அளவுக்கு முற்றப் பல வருஷங்கள் செல்லும். அத்தனை வருஷமும் அவனுக்கு யாரோ சோறிட்டிருக்கக்கூடும். முன்னோர் பெருமை பேச விரும்புவோர் இதைப் பேசலாமே!

எலும்பினும் நெடுநாள் நிற்பது பல். நிலைப்பற்களின் மேற்பூச்சு குழந்தைப் பருவத்திலேயே ஈறுக்குள் உருவாகிறது. அச்சமயம் பஞ்சமோ கடுஞ்சுரமோ வந்தால் வளர்ச்சி தடைப்பட்டுக் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். பிற்பாடு எவ்வளவு பாலும் நெய்யும் உண்டாலும் அக்கோடு மறையாது. விழிக்குழியின் மேற்கூரை சல்லடைபோல் துளைபட்டிருந்தால் இரத்தசோகையை ஐயுறுவர். நீண்ட எலும்புகளின் முனைகள் ஒட்டியிருக்கின்றனவா என்பதைக் கொண்டு, இறந்தவர் இருபதைக் கடந்தவரா என்று கூறுவர்.

ஆனால் இவற்றைப் படிக்க எலும்பு எஞ்சியிருக்க வேண்டும். நமது செம்புறைமண் புளிப்புத் தன்மை உடையது. எலும்பை மெல்லக் கரைத்துவிடும். மண் விட்டுவைத்த சொற்பத்தை மண்வாரி இயந்திரம் விடுவதில்லை.

சில மாதங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் தீப்பெட்டிக்குள் ஒரு கோரைப்பல்லைக் கொண்டுவந்தான். கிராவல் வெட்டிய இடத்தில் தாழி உடைந்து கிடந்ததாம். தாழி எத்தனை ஆழத்தில் இருந்தது, அருகே வேறு தாழி இருந்ததா, மண்டையோடு என்னவாயிற்று என்றெல்லாம் கேட்டேன்.

"எல்லாம் லாரியில் போய்விட்டது, ஐயா" என்றான்.

தாழி தென்பட்டால் தொடாமல் வட்டாட்சியருக்கோ, திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்கோ உடனே சொல்ல வேண்டும் என்று வகுப்பு முழுவதற்கும் அன்று சொல்லிவைத்தேன். பிறகு அப்பல்லை வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தடவிப் பார்த்தேன். குறுக்கே ஒரு கோடு தட்டுப்பட்டது.