பெயரும் ஊரும்

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது. இட்ட பெயரிற் புகுந்துவிட்ட பொய்யை நீக்குதலோ அரிது. இதற்குச் சான்றாய் நிற்பது, புதுச்சேரியில் நெடுநாள் தங்கிய பிரெஞ்சுப் பறவையறிஞர் பியர் சொன்னராவின் வரலாறு.

லியோன் நகரிற் பிறந்த இவர், 1774 முதல் 1781 வரை கீழ்நாடுகளிற் சுற்றிப் புள்ளினங்களையும் செடிகொடிகளையும் தொகுத்தார். நம் மக்களின் சமயத்தையும் வாழ்க்கையையும் கண்டெழுதிய இவரது பயண நூல் 1782இல் பாரிசில் வெளிவந்தது. நம் மலைக்காடுகளிற் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியை அதில் விரித்துரைத்தார். 1813இல் டெம்மிங்க் என்னும் ஒல்லாந்த அறிஞர் அக்கோழிக்கு இவர் பெயரையே சூட்டினார். அது தகுதியாற் பெற்ற சிறப்பு.

ஆயின், 1776இல் வெளியிட்ட நியூகினிப் பயண நூலில் இவர் பெரும்பிழை செய்தார். அத்தீவில் அடிவையாதிருந்தும், அங்குக் கண்டனவாகச் சில பறவைகளைக் காட்டினார். அவற்றுள் ஒன்று, மனிதர் நகைப்பதுபோல் ஒலிக்கும் ஆஸ்திரேலிய மீன்கொத்தி. மற்றொன்று, குளிர்ந்த தென்கடலில் வாழும் பென்குயின். இவர் சொல்லை நம்பிய அறிஞர், இரண்டிற்கும் அத்தீவைச் சுட்டும் பெயர்களையே இலத்தீனில் இட்டனர். பிழை தெளிந்த பின்னும், முதலிலிட்ட பெயரே நிலைக்கும் என்னும் முறைப்படி, அவை இன்றும் வழங்குகின்றன.

எங்கோ நிகழ்ந்த பிழையென்று காஞ்சிமாநகரைச் சார்ந்த நாம் நகைத்தல் ஆகாது. நம் ஊரின் பெயரும் இன்று இவ்வாறே பொய்க்குத் துணையாக்கப்படுகின்றது. சேலையின் உடலையும் கரையையும் வேறுவேறு நிற நூலால் நெய்து, கோர்வையால் இணைத்தல் நம் நெசவாளரின் கைத்திறன். மூன்று நாடாக்கள் ஓடும் அத்தறியில், நெய்பவர்க்கு மற்றொருவர் துணையிருத்தல் வேண்டும். இவ்வுழைப்புக்குக் காப்பாக, 2005-06ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும், வேற்றூர் விசைத்தறியில் விரைந்து நெய்ததைக் காஞ்சிப் பட்டென்று விற்போர் உளர். எம் தோழர் சிலரின் இல்லங்களில் தறிகள் ஓய்ந்து கிடத்தலை யாம் கண்டுள்ளோம்.

சொன்னராவின் பொய்யால் அம்மீன்கொத்திக்கு யாதொரு குறையும் நேர்ந்திலது. அது தன் காட்டில் நகைத்துக்கொண்டே இருக்கின்றது. காஞ்சியின் பெயரைத் திருடும் பொய்யாலோ, நெசவாளர் வீட்டு அடுப்பு அணைகின்றது. ஆதலின் விற்போர் நெய்த ஊரை மெய்யாகச் சொல்லி விற்க. வாங்குவோர் கேட்டுத் தெளிந்து வாங்குக. ஏடெழுதப் பயிலும் மாணவராகிய நாமும், காணாததைக் கண்டதாக ஒருபோதும் எழுதாதிருப்போமாக.