கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு

நம்ம பக்கத்து ஆட்களிடம் "எந்த ஏரியா?" என்று கேட்டால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஆளுக்கொரு பதில் வரும். "எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஆர்.எஸ்.ஆர்.எம். ராஜா சர் சவளை ராமசாமி முதலியாரின் கொடையில் 19ஆம் நூற்றாண்டில் உருவான அந்தப் பிள்ளைப்பேறு மருத்துவமனையில், மீனவர் வீடு, ஹார்பர் தொழிலாளி வீடு, ரயில்வே குமாஸ்தா வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் பல தலைமுறைகள் பிறந்திருக்கின்றன.

பிரசவ விஷயத்தில் நம் மாநிலம் சாதித்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நம் பாட்டிமார் காலத்தில் பிரசவத்தில் தாய் இறந்துபோவது தெருவுக்குத் தெரு கேள்விப்படுகிற செய்தி. 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 54 தாய்மார்கள்தான் இறக்கிறார்கள். அதே ஆண்டுகளில் இந்தியாவின் சராசரி 97. இது தானாக வந்துவிடவில்லை. ஒரு பெண் கருவுற்றால் நர்ஸம்மா வீடு தேடி வருகிறார். எடை பார்க்கிறார்கள், ரத்தம் பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் தேதி குறித்து அட்டையில் எழுதுகிறார்கள். இப்போது 12 இலக்கத்தில் ஒரு 'பிக்மி நம்பர்' வேறு. அது இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அலைய வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும் உண்டு.

என் கேள்வி அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. இரண்டாவது பிள்ளை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்து, தையல் பிரித்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வயது இருபத்தைந்து, இருபத்தாறு. அதோடு அவள் பெயர் எந்த நோட்டுப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த தடவை அவள் பெயரை ஒரு ஆஸ்பத்திரியில் எழுதுவது, ஐம்பத்தைந்து வயதில் ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டு ஸ்டான்லிக்கு ஆட்டோவில் கொண்டுபோகும்போதுதான். நடுவில் முப்பது வருஷம் அவளை யாருமே பார்க்கவில்லை. அரசாங்கமும் பார்க்கவில்லை, வீடும் பார்க்கவில்லை. தாய்க்குச் செய்ததைப் பெண்ணுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கர்ப்பகாலத்தில் வரும் சர்க்கரை. இதைக் கண்டுபிடிக்க 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. பல்லாவரத்திலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவளுக்கும் சரிப்படுகிற இந்த முறைக்காகப் பாடுபட்டவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10ஐத்தான் நாடு முழுதும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இந்தச் சர்க்கரை பெரும்பாலும் பிரசவத்தோடு இறங்கிவிடும். "போயிடுச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அது பின்னால் வரப்போவதற்கு முன்கூட்டியே அடித்த மணி. அப்படி வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறையும், அதன் பிறகு ஓரிரு வருடத்துக்கு ஒரு முறையும் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை பேர் பார்க்கிறார்கள்? குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு தேதி தவறாமல் போகிற அதே அம்மா, தன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வதில்லை. அவளைப் பார்த்து "உனக்கும் எடுக்கலாம், உட்காரு" என்று சொல்ல அங்கேயும் ஆள் இல்லை.

அடுத்தது நாற்பதுகளின் நடுவில் வருவது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயது சராசரியாக 46, 47. மேல்நாட்டுப் பெண்களைவிட நாலைந்து வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது. நிற்பதற்கு முன் சிலருக்கு உதிரப்போக்கு அளவு மீறிப் போகும். என் சித்தி ஒருத்தி இரண்டு வருஷம் அப்படிப் பட்டாள். பழைய புடவைகளைக் கிழித்துக் கிழித்து வைத்துக்கொண்டு சமாளித்தாள். முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இத்தப் போயி யாரான்ட சொல்றது?" என்றாள். வீட்டில் சித்தப்பாவும் மூன்று பையன்களும். அவள் சொன்னது நியாயம்தான். சொல்வதற்கு ஆள் இல்லாத வீடு அது.

கர்ப்பம் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பாதிக்கு மேல்! பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். கர்ப்பத்தில் தினம் ஒரு மாத்திரை. நடுவிலும் பின்னாலும் அவள் பாடு. அசதியாக இருக்கிறது என்று சொன்னால், "வயசாவுது இல்ல?" என்று நாமே பதில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

இந்த வயதில் இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. மாதவிடாய் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் அது சாதாரணம் இல்லை. மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். 'மறுபடி வந்துடுச்சு' என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. இன்னொன்று, மார்பகமும் கர்ப்பப்பை வாயும். ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இப்போது மார்பகப் புற்றுநோய் அதைத் தாண்டிவிட்டது. இரண்டையும் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். கர்ப்பப்பை வாயில் லேசான அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று பார்க்கும் சோதனை சில நிமிடத்தில் முடிகிற வேலை. அரசு மருத்துவமனைகளில் பைசா செலவில்லாமல் செய்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியதே முத்துலட்சுமி ரெட்டியும் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களும் போராடியதால்தான். பெண்கள் போராடிக் கொண்டுவந்தது இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் அதன் வாசலைக் கடைசிக் கட்டத்தில்தான் மிதிக்கிறார்கள்.

"அவளுக்கு என்ன, நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறா, அதுவே எக்சர்சைஸ்" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இது தப்பு. காசிமேட்டில் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே ஏலத்துக்கு வந்து, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு, பிறகு தெருவில் குத்துக்காலிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் செய்வது உடற்பயிற்சி அல்ல, தேய்மானம். ஒரே மூட்டு, ஒரே முதுகு, ஓய்வே இல்லாமல். போதாததற்குப் பக்கத்தில் சுத்தமான கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே இருப்பாள். நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? உடற்பயிற்சி என்பது உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பலப்படுத்துவது. வேலை அதைக் களைக்க வைப்பது. இரண்டும் ஒன்றல்ல.

எலும்பு நம் பேங்க் டெபாசிட் மாதிரி. ஏறத்தாழ முப்பது வயது வரைதான் போட முடியும். பிறகு எடுப்புதான். மாதவிடாய் நின்றதும் சில வருஷங்களுக்கு மளமளவென்று குறையும். அதனால்தான் அறுபத்தைந்து வயதுப் பெண் பாத்ரூமில் லேசாக வழுக்கினாலும் இடுப்பெலும்பு முறிகிறது. வயசுக்கு வந்தவுடன் பெண் பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்துகிறோமே, டெபாசிட் போடுகிற வயதில் கணக்கை மூடிவிடுகிற வேலை அது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டாலும் கிடைக்கும். ஆடி மாதத்தில் அம்மனுக்கு ஊற்றுகிற கூழை மற்ற மாதங்களில் வீட்டிலும் ஊற்றலாம். சர்க்கரை உள்ளவர்கள் அளவோடு.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்வது இது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை, வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, மூன்று நாள் தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி. நடை மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரோரம் நாற்காலி போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடைத் தசை பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த எழுந்து உட்காருவதையே தினமும் பத்துப் பத்தாகச் செய்தால் அதுவே மருந்து. காசு பணம் வேண்டாம்.

"நடக்க எங்கே இடம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே நம் கரை அரித்துப்போனதும் ஒரே காரணத்தால்தான். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர்கள், வடக்கு நோக்கி வரும் மணலைத் தெற்கிலேயே தடுத்து நிறுத்திவிட்டன. அவர்களுக்கு மணல் வந்தது, நமக்குக் கருங்கல் வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண் என்ன நடைப்பயிற்சி செய்ய முடியும்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதை மறந்துவிடவில்லை. சுத்தமான காற்றும் மரமுள்ள ஒரு மைதானமும் வடசென்னைப் பெண்களுக்குச் சலுகையாகக் கேட்பது இல்லை, கணக்குப்படி வர வேண்டிய பாக்கி. மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைக் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பெண்களுக்காகத் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது நோய் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. தெரியாமலே இருப்பவளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் கர்ப்பிணிக்குக் கொடுப்பது போல 45 வயதானதும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அட்டை வேண்டும் என்கிறேன். ரத்தம், பிரஷர், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய், கண், எலும்பு என்று வரிசையாகக் கட்டம் போட்டு, அடுத்த தேதி எழுதி, வராவிட்டால் நர்ஸம்மா போன் செய்து கூப்பிட வேண்டும். பிள்ளைப்பேற்றில் ஜெயித்த வழி அதுதானே.

முகாம் எங்கே போடுவது என்றும் நானே சொல்கிறேன். வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று கோயிலையும் ஒரே நாளில் தரிசிக்க நம் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்படுவார்கள். முட்டி வலியையும் மறந்து, பலர் விரதத்தோடு போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இல்லாதவர்கள் அன்று நாள் முழுக்கச் செலவழிக்கிறார்கள். ஒற்றியூர் மாடவீதியில் அன்றைக்கு ஒரு பந்தல் போட்டு, பெண் டாக்டர்களை உட்கார வையுங்கள். நூற்றுக்கணக்கில் வருவார்கள்.

தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு தகவல். ஈ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து வருஷம் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றிருந்தால், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி, கணவன் மனைவி இருவருமே மருத்துவ வசதியைத் தொடரலாம். தனக்காகக் கட்டிவிட்டு, மனைவியை ஒரு நாளும் கூட்டிப்போகாதவர்கள் நம்மில் உண்டு.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சர்க்கரை அளவு உங்களுக்கு மனப்பாடம். காலையில் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்று பூங்காவில் நண்பர்களிடம் ஒப்பிக்கிறோம். அந்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறவளின் பிரஷர் எவ்வளவு? ஹீமோகுளோபின் எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தது? பதில் தெரியாவிட்டால் அடுத்த தடவை லேபுக்குப் போகும்போது இருவர் பெயரையும் எழுதுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வாள். அப்படிச் சொன்னாலும் விடாதீர்கள்.