'அவங்க ஜீன்லயே இருக்கு' என்கிறவர்களுக்கு

"தோல் வேலை அவங்க ஜீன்லயே இருக்கு." ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் தலித் தொழிலாளர்களைப் பற்றி இதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். காட்பாடிக்காரனான நான் சிறுவயதில் கேட்டது 'ரத்தத்துலயே இருக்கு' என்று. ரத்தம் போய் ஜீன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இவர்களுக்கு வேறு வேலை எதற்கு என்ற மறுபாதியை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதில் வேடிக்கை, அந்தச் சொல் பிறந்ததே இப்படிப்பட்ட பேச்சை மறுக்கத்தான். 1909-இல் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஜோஹான்சன், அதற்கு முன் புழங்கிய 'பான்ஜீன்' என்ற சொல்லின் தலையை வெட்டி 'ஜீன்' ஆக்கினார். முன்னோரின் குணங்கள் அப்படியே பிள்ளைகளுக்கு இறங்கும் என்ற நம்பிக்கையை அவர் ஏற்கவில்லை. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஒரே பீன்ஸ் செடியின் வழிவந்த விதைகளில் பெரியவற்றைத் தனியாகவும் சிறியவற்றைத் தனியாகவும் விதைத்துப் பார்த்தார். இரண்டிலும் விளைந்த விதைகளின் சராசரி அளவு ஒன்றாகவே இருந்தது. அங்கே பெரிது, சிறிது என்பது மண்ணும் வளர்ந்த சூழலும் தந்த வேறுபாடு. வெளியே தெரிவதற்கு ஃபீனோடைப், உள்ளே கடத்தப்படுவதற்கு ஜீனோடைப் என்று பெயர் வைத்தவரும் அவரே. சுண்ணாம்புத் தொட்டியில் புண்ணான கை முதல் வகை. அது பிள்ளைக்கு இறங்காது. அதே தொட்டிக்குப் போயாக வேண்டிய நிலைமை இறங்குகிறது. கடத்துவது நிலமின்மை, கடன், சாதி.

'சாதிகளும் தனித்தனி விதைவழிதானே?' என்று யாராவது மடக்கக்கூடும். பீன்ஸ் தனக்குள்ளேயே காய்க்கும், மனிதர்கள் அப்படியில்லை. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தார்கள், பிறகுதான் அகமணம் இறுகியது என்கிறது பிரியா மூர்ஜனி, குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு. சாதியின் சாரமே அகமணம்தான் என்று 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தவர் அம்பேத்கர். அந்த அகமணம் ஜீனில் விட்டுச்சென்ற தடயம் நோய்களில் தெரிகிறது. வைசியரில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது தசை தளர்த்தும் ஒரு மருந்து கொடுத்தால் அதன் விளைவு நெடுநேரம் நீங்காது. மற்றவர்களைவிட அவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிறவிக் குறை அது. வியாபாரத் திறமைக்கு அப்படியொரு ஜீனை யாரும் காட்டியதில்லை.

தமிழில் நாம் ஜீனை மரபணு என்றோம், அதன் படிப்பை மரபியல் என்றோம். தொல்காப்பியத்திலும் மரபியல் என்றோர் இயல் உண்டு. அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் யாருக்கு எது உரியது என்று வகுக்கும் நூற்பாக்கள் அதில்தான் இருக்கின்றன (இடைச்செருகல் என்பாரும் உண்டு). மரபு என்றால் வழிவழி வந்த வழக்கம் என்றும் நம் காதில் விழும். வழக்கத்தை உடம்புக்குள் ஏற்றிவிட இந்த ஒரு சொல்லே போதும். சொல்லை மாற்றச் சொல்லவில்லை, அது நிலைத்துவிட்டது. பள்ளியில் மெண்டலின் பட்டாணியை நடத்தும் ஆசிரியர்கள், அதே வாரத்தில் ஜோஹான்சனின் பீன்ஸையும் நடத்தலாம். ஆம்பூரில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் ஷூ கம்பெனியில்தான் இருக்கிறார்கள்.