வாட்டர் பாட்டிலை வாசலில் பிடுங்கினால் யார் பொறுப்பு? வெயில் கச்சேரிகளில் தொடரும் தவிப்பு

சென்னை: கச்சேரி என்னவோ சாயங்காலம்தான். ஆனால் கூட்டம் மதியமே வந்து விடுகிறது. முன்னாடி போய் நிற்கணும், பாடகர் முகத்தை கிட்டத்தில் பார்க்கணும் என்ற ஆசை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானமோ, தீவுத்திடலோ, எங்கே நடந்தாலும் மண்டையைப் பிளக்கும் வெயிலில் வரிசையில் நின்றுதான் ஆகணும். நிழலுக்கு ஒரு மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வாசலுக்கு வந்தால் அடுத்த சோதனை. பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். உள்ளே வாட்டர் பாட்டில் இருந்தால், "வெளியே போட்டுட்டு போங்க" என்பார்கள். பாட்டிலை மேடை மீது வீசி விடுவார்களாம். அந்த பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிடுங்கிய தண்ணீருக்கு பதிலாக உள்ளே என்ன கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு பதில் சொல்லாததால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது. 2023 நவம்பர் 17. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விப்ட்டின் நிகழ்ச்சி. சுமார் 60 ஆயிரம் பேர் ஸ்டேடியத்தில் திரண்டார்கள். அங்கே நவம்பர் என்றால் கோடை நெருங்கும் நேரம். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அன்று உடம்பு உணர்ந்த வெப்பம் 59 டிகிரி. தண்ணீர் பாட்டிலை உள்ளே விடவில்லை என்று ரசிகர்கள் குமுறினார்கள். ஆயிரம் பேருக்கு மேல் மயங்கி விழுந்ததாக தீயணைப்புத் துறை சொன்னது. 23 வயது ரசிகை ஒருவர் இறந்தே போனார். கடும் வெப்பத்தால் இதயமும் மூச்சும் நின்று விட்டதாக பின்னர் வந்த மருத்துவ அறிக்கை தெரிவித்தது.

மறுநாளே அந்நாட்டு அரசு உத்தரவு போட்டது. சொந்த தண்ணீர் பாட்டிலை உள்ளே விடணும், இலவச குடிநீரும் வைக்கணும் என்று. அன்றைய நிகழ்ச்சியும் கடைசி நேரத்தில் தள்ளி வைக்கப்பட்டது. ஒரு உயிர் போன பிறகு!

பிரேசில் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் மெரினாவை நினைத்துப் பார்க்கலாம். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படை சாகச நிகழ்ச்சி. அது பாட்டுக் கச்சேரி இல்லைதான். ஆனால் திறந்தவெளி, உச்சி வெயில், கட்டுக்கடங்காத கூட்டம் எல்லாம் ஒன்றுதான். காலை 11 மணிக்கு தொடங்கி மதியம் 1 மணி வரை நடந்தது. சுமார் 15 லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்பட்டது. குடை, தொப்பி, தண்ணீர் கொண்டு வரும்படி முன்கூட்டியே அறிவித்திருந்ததாக அரசு தரப்பில் விளக்கம் கொடுத்தார்கள். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் காமராஜர் சாலையில் இறங்கியது. குடிக்க தண்ணீர் இல்லை, ஏற ரயிலில் இடம் இல்லை. 5 பேர் இறந்தார்கள். 200-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். அரசு மேல் எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்ட, அரசு மறுக்க, நாலு நாள் அதே பேச்சாக இருந்தது.

இத்தனைக்கும் அது மே மாசம் இல்லை, கத்திரி முடிந்து நாலு மாசம் ஆகியிருந்தது. இங்கேதான் சூட்சுமமே இருக்கிறது. கடலோர ஊர்களில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தை விட 4.5 டிகிரி அதிகம் இருந்தால்தான் வானிலை மையம் வெப்ப அலை என்று கணக்கில் எடுக்கும். சென்னையில் 35 டிகிரி இருந்தாலே, காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குள் கடல் காற்றும் புகாது. உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டி, ஆள் உளற ஆரம்பித்தால் அது வெப்ப பக்கவாதம். உடனே உடம்பைக் குளிர வைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எச்சரிக்கை வரவில்லையே என்று நம்பி நிற்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சப்படும் விஷயம். பாத்ரூம் வசதி சரியில்லை என்று தெரிந்து பல பெண்கள் காலையில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். இவர்களுக்கு இலவச தண்ணீர் வைத்தாலும் தொட மாட்டார்கள். டாய்லெட்டை கூட்டாமல் தண்ணீர் தொட்டியை மட்டும் கூட்டினால் பாதி வேலைதான்.

உள்ளே விற்கும் பாட்டில் விலையைக் கேட்டால் தாகமே அடங்கி விடும். 1999-ல் அமெரிக்காவில் ஒரு பழைய விமானத் தளத்தில், கொதிக்கும் கான்கிரீட் தரையில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவில் ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலர். கடைசி நாளில் கூட்டம் வெறுத்துப்போய் தீ வைத்தது. நம் நாட்டில் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் குற்றம். ஓட்டல், ரெஸ்டாரண்ட்டுகளுக்கு மட்டும் 2017-ல் சுப்ரீம் கோர்ட் விலக்கு கொடுத்தது. மைதானத்தில் டேபிள் போட்டு ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுப்பது எந்த ஊர் ஓட்டல்?

மெரினா சம்பவம் நடந்த அதே மாதம், வெப்ப அலையை மாநில பேரிடராக அறிவித்தது தமிழக அரசு. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவுதான். ஆனால் அது ஆள் போன பிறகு வரும் பணம். கச்சேரிக்கு போலீஸ் அனுமதி கொடுக்கும்போதே எத்தனை குடிநீர் குழாய், எத்தனை டாய்லெட், நிழல் பந்தல் எங்கே, கேட் எத்தனை மணிக்கு திறக்கும் என்று எழுதி வாங்கினால் பாதி பிரச்சினை தீரும். கேட்டை மதியம் திறக்காமல் 5 மணிக்கு திறந்தாலே வெயிலில் நிற்கும் நேரம் குறையும்.

பாட்டில் வீச்சு பயத்துக்கும் வழி இருக்கிறது. வெளிநாட்டு மைதானங்கள் சிலவற்றில் மூடியை மட்டும் வாங்கிக்கொண்டு பாட்டிலை உள்ளே விட்டு விடுகிறார்கள். மூடி இல்லாத பாட்டிலை வீசினால் தண்ணீர் கொட்டி விடும், மேடை வரை போகாது. இதற்கு ஏற்பாட்டாளர்களுக்கு ஆகும் செலவு, மூடிகளைப் போட வாசலில் ஒரு அட்டைப்பெட்டி.