பொன்னியின் செல்வனும் சரித்திரமும்

அண்மையில் நமது வகுப்பு மாணவர் ஒருவர், ஆதித்த கரிகாலனின் மரணத்துக்கு நந்தினியே காரணம் எனத் தம் கட்டுரைக் கொப்பியில் எழுதியிருந்தார். தவறெனக் கோடிட்டோம். “படத்திலும் அப்படித்தானே, சேர்?” என்றார். 2022இலும் 2023இலும் வெளிவந்த திரைப்படத்தை அவர் கண்டிருந்தார். நமக்குச் சிரிக்க இயலவில்லை. மின்சாரமற்ற தொண்ணூறுகளில், குப்பி விளக்கொளியில் ஐந்து பாகங்களையும் படித்துமுடித்த நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம்!

1950 முதல் 1954 வரை கல்கி தம் வார இதழில் எழுதிய இத்தொடர்கதையின் கவர்ச்சியை மறுப்பாரிலர். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் தொடக்கம் ஒன்றே போதும். வாவியை நாளும் காணும் நமக்கு அவ்வேரி அயலூராகத் தோன்றியதில்லை. கோடிக்கரையினின்று ஈழத்துக்குத் துடுப்பு வலித்துவரும் பூங்குழலியை நம் ஊர்ப் பெண்ணென்றே எண்ணினோம். ஆழ்வார்க்கடியானின் வாய்ச்சண்டைகளுக்காகவே சில அத்தியாயங்களை மீண்டும் மீண்டும் படித்ததுண்டு.

ஆயினும் நந்தினி ஆசிரியரின் கற்பனைப் படைப்பு. உடையார்குடிக் கல்வெட்டோ, இளவரசனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தாரைச் சுட்டுகின்றது. பிரமாதிராசன் என்னும் பட்டம் தாங்கியோரும் அவருள் உளர். அரசின் உள்ளேயே இப்பகை எங்ஙனம் விளைந்தது என்னும் கடிய வினாவை, நாவல் பெரிதும் ஒரு பெண்ணின் பழியுணர்ச்சியிலே கரைத்துவிடுகின்றது.

ஈழப்பகுதி நம்மை இன்னும் உறுத்துவது. மகிந்தன் உரோகணத்தில் ஒளிந்திருக்க, அருள்மொழிவர்மர் அநுராதபுரத்தில் இடிந்த விகாரங்களைச் செப்பனிடுவித்து மக்கள் மனத்தைக் கவர்கின்றார். ஐந்தாம் மகிந்தன் முடிசூடியதோ 982ஆம் ஆண்டளவில். சுந்தர சோழர் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே மறைந்துவிட்டார். பின்னர் இதே அருள்மொழி இராசராசனாக அரசாண்ட காலத்திலேதான் சோழப்படை அநுராதபுரத்தை அழித்தது. 1017இல் சிறைப்பட்ட மகிந்தன் சோழநாட்டிலேயே மாண்டான். படையெடுத்தவரைப் பழுதே அறியாதவராகக் காட்டும் இவ்வத்தியாயங்களை, ஈழத்திலிருந்து கற்பிக்கும் நாம் வாய்மூடிக் கடத்தல் தகாது. அயல் ஊர்ச் சிங்களப் பிள்ளை இதே வரலாற்றை வேறுவிதமாகப் படிக்கின்றது என்பதையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அம்மாணவருக்குப் புள்ளி குறைத்தோம். அவரோ மறுநாளே வந்து, “உடையார்குடி எங்கே இருக்கிறது, சேர்?” என வினவினார். நாம் எழுப்ப இயலாத அவாவை நாவல் எழுப்பிவிட்டது. காட்டுமன்னார்கோயிலில், வந்தியத்தேவன் முதன்முதல் தோன்றும் அதே ஏரிக்கு அண்மையில் என்றோம்.