நாய உள்ள எடுங்க

டைகரைப் புலி தூக்கிட்டுப் போன விஷயத்தை அம்மா போன்ல சொன்னப்போ நான் பேராதனையில் இருந்தேன். "சத்தமே கேக்கல, விடிஞ்சு பாத்தா சங்கிலியும் கழுத்துப் பட்டியும் மட்டும் கெடக்கு" என்றார். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார்: "அப்பா மேல்லயத்துல ஒரு குட்டி கேட்டிருக்காரு."

அதே சங்கிலி, அதே இஸ்தோப்பு, அதே தூண். டைகருக்கு முந்தி ஜிம்மியும் இப்படித்தான் போச்சு.

என் கோபம் புலி மேல இல்லை. தேயிலை மலைகளுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டில்தான் சிறுத்தை வாழ்கிறது. இருட்டியதும் கீழே இறங்கும். நாய் அதற்கு லேசான இரை. ஓட முடியாதபடி கட்டிப்போட்ட நாய் அதைவிட லேசு. வாசலில் படுத்திருக்கும் நாயைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போகும் சிசிடிவி காட்சிகள் நம்ம போன்ல அடிக்கடி சுத்துது. பார்த்து, 'பாவம்' என்று போட்டுவிட்டு, ராத்திரி நம்ம நாயை இழுத்துப்போய் அதே மாதிரி கட்டுகிறோம். பிறகு லயத்துக்குப் புலி வருதுன்னு கத்துறோம், யாராவது கண்ணி வைக்கிறாங்க. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது ஞாபகம் இருக்கும். சிறுத்தையைத் தினமும் லயத்து வாசலுக்கு வரப் பழக்குவது நாம் கட்டி வைக்கும் சாப்பாடுதான்.

கேட்டால், "காவலுக்கு" என்பார்கள். சங்கிலி நீளம் ஆறடி என்றால் அந்த ஆறடிக்குத்தான் காவல். உள்ளே படுத்திருக்கும் நாய்க்கும் வெளியே காலடி கேட்கும், அதுவும் குரைக்கும். கள்ளனுக்கு அது போதும்.

இரண்டாவது பதில், "இடம் எங்க இருக்கு?" இதைச் சிரித்துத் தள்ள முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதுக்குள்ள ஆறு பேர், அடுப்பு, விறகு, துணி மூட்டை. மனுசனுக்கே இடமில்லாமல் கட்டி வைத்தவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது, கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் ஒரு நாட்டு நாய் சுருண்டு படுத்தால் மடித்த அரிசிச் சாக்கு ஒன்றின் அளவுதான் வரும். குசினி மூலையில் அந்த ஒரு சாக்கு கொள்ளாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களும் நாயை வெளியேதான் கட்டுகிறார்கள். அப்போ பிரச்சினை அடிக்கணக்கில் மட்டும் இல்லையே?

அம்மாயி நேராகச் சொல்வார்: "நாய உள்ள படுக்க வெக்கிறது தொரமார் பழக்கம்." இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேற வந்தபோது இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டம் வேட்டை நாய்களைக் கப்பலில் ஏற்றி வந்தார். அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம்ம ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியாக நடந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பங்களா நாயைப் பார்த்து அம்மாயிக்கு வயிறு எரிவதில் நியாயம் இருக்கு. ஆனா வேடிக்கையைப் பாருங்க, உள்ளே படுக்க வைக்கும் பழக்கத்தைத்தான் விட்டுட்டோம், பேரையும் பாஷையையும் எடுத்துக்கிட்டோம். ஜிம்மி, டைகர், டொமி. "கம்!" "சிட்!" "கோ!" நமக்குள்ள ஒரு வாக்கியம் இங்கிலீஷ்ல பேசக் கூச்சப்படுற நாங்க நாய்க்கிட்ட மட்டும் துரையாகிவிடுகிறோம்.

மூணாவது பதில்தான் பெரிய பொய்: "உள்ள விட்டா அசிங்கம் பண்ணும், அடிச்சாலும் திருந்தாது." அடிப்பதால்தான் திருந்துவதில்லை. மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்த்து அடித்தால் அது கற்பது ஒன்றுதான்: இந்த ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் கட்டிலுக்கு அடியில் போகும். 'நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும்' என்று வீடியோவில் கத்துபவர்களின் கதையும் பழசு. 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதை, 1970இல் டேவிட் மெக் தன் புத்தகத்தில் எடுத்துக்கொண்டு பரப்பினார். 1999இல் அதே மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம், அங்கே தலைமைக்குச் சண்டை கிடையாது என்று எழுதினார். நம்ம ஆட்கள் இன்னும் 1947லேயே நிக்கிறாங்க.

யூடியூப்காரர்கள் கூண்டு வாங்கச் சொல்வார்கள், தனி அறை ஒதுக்கச் சொல்வார்கள். அதெல்லாம் வேணாம். குட்டி தூங்கி எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்க. அங்கே போனால் அந்த நொடியே ஒரு துண்டு ரொட்டி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது. மூன்று மாதக் குட்டியால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது, ராத்திரி ஒரு தடவை நீங்க எழும்பித்தான் ஆகணும். உள்ளே போய்விட்டால் திட்டாமல் வாடை போகக் கழுவுங்க, வாடை இருந்தால் திரும்பவும் அங்கேதான் போகும். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழும்பிடுங்க. ஒருத்தர் "கோ", இன்னொருத்தர் "போடா", தங்கச்சி "சூ" என்றால் அது குழம்பும், வீடு முழுக்க ஒரே சொல் வேணும். முதல் மூன்று, மூன்றரை மாதத்துக்குள் பிள்ளைகள், கிழவர்கள், பிரட்டுக்குப் போகும் கூட்டம் எல்லாரையும் நல்லபடியாகப் பார்த்துப் பழகிய குட்டி பெரிதாகிக் கடிப்பது குறைவு. அந்த வயசுலதான் நாம சங்கிலி மாட்டுறோம். பிறகு இஸ்தோப்பில் ஓடுற பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிச்சதும் நாய் கெட்ட நாயாகிடுது.

உள்ளே படுக்கப் போகுது என்றால் பூச்சி மருந்தும் ஊசியும் கட்டாயம். விசர்நாய்க்கடி ஊசியை அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது, தோட்டத்துக்கு வரும் நாளை வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுக்கொள்ளலாம். நம்ம வீட்டு நாய்தானே என்று கடியை லேசாக விடாதீங்க. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

அப்பா கேட்ட குட்டி தை மாதம் வந்தது. லீவுல போய் மூணு கிழமை அதோட குசினியில் படுத்தேன். பேர் கறுப்பன். சொல் "சாக்கு", சொன்னா சாக்குல போய்ப் படுக்கும். அப்பா முதல் கிழமை முழுக்கப் பேசவில்லை. நான் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அம்மா போன் பண்ணினார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கறுப்பன் எழும்பிக் கதவைப் பார்த்து உறுமியதாம். யாரும் கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா இருட்டில் படுத்தபடியே, "சாக்கு... சாக்கு" என்றாராம், அது திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டதாம்.