கழுதைப்புலிக்கு ஏன் பசி?

‘பொம்மைப் படத்துல என்ன தோழர் அரசியல்? புள்ளைங்க பார்த்துச் சிரிச்சிட்டுப் போகட்டுமே’ என்று கேட்பவர்கள் நம் தோழர்களிலும் இருக்கிறார்கள். இம்முறை அவர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

1999 ஜனவரியில் டிஸ்னி நிறுவனம் ‘ரெஸ்க்யூவர்ஸ்’ படத்தின் 34 லட்சம் வீடியோ கேசட்டுகளைத் திரும்பப் பெற்றது. 1977இல் வந்த படம் அது. லட்சத்துக்கும் மேற்பட்ட சட்டகங்களில் இரண்டே இரண்டில், பின்னணி ஜன்னல் ஒன்றில், ஆடையற்ற பெண்ணின் படம் இருந்தது. படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடினால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ‘லயன் கிங்’ படத்தில் எழும்பும் தூசியில் ஆபாச எழுத்து தெரிகிறது என்று அமெரிக்க மதப் பழமைவாதிகள் கூச்சலிட்டார்கள். மறைந்திருக்கும் செய்தி என்றால் அவர்களுக்கு இதுதான். தூசியைப் பார்த்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை.

1994இல் வந்த அந்தப் படம் என்னதான் சொல்லுது? அரசனுக்குப் பிள்ளை பிறக்கிறது. வரிக்குதிரையும் மானும் தலை வணங்குகின்றன. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு இரையாகப் போகிறவை இவைதான். நாங்கள் செத்தால் புல்லாவோம், புல்லை மான் தின்னும், எல்லாம் ஒரு சுழற்சி என்று விளக்கம் சொல்கிறது தகப்பன் சிங்கம். பிறப்பால் வந்த அதிகாரத்தை இயற்கை விதியாக்கும் இந்த வாதம் நமக்குப் புதுசா?

வெளிச்சம் படுகிற இடமெல்லாம் நம்முடையது, அந்த இருட்டுப் பக்கம் மட்டும் போகாதே என்று மகனுக்கு எல்லை காட்டப்படுகிறது. அங்கே யானை எலும்புகளுக்கு நடுவே கழுதைப்புலிகள் கிடக்கின்றன. ஊர் எங்கே, சேரி எங்கே, சுடுகாடு எங்கே என்று தெரிந்த எவருக்கும் இந்த வரைபடம் புரியும்.

அவை பட்டினி கிடக்கின்றன. எல்லையைப் போட்டது யார் என்று படம் கேட்பதில்லை. கறுத்த பிடரிகொண்ட சித்தப்பன் ஸ்கார் தீனி தருவதாகச் சொன்னதும் உள்ளே வருகின்றன. அதோடு நாடு காய்ந்துபோகிறது, மந்தைகள் ஓடிவிடுகின்றன. வாரிசு திரும்பி வந்ததும் மழை கொட்டுகிறது. பிறப்பால் ராசா ஆண்டால் மாதம் மும்மாரி. விலக்கப்பட்டவர்கள் உள்ளே வந்தால் பஞ்சம். இடஒதுக்கீட்டால் தகுதி போச்சு, திறமை போச்சு என்ற புலம்பலும் இதே கதைதான்.

அரசச் சிங்கத்துக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் கறுப்பினக் கலைஞராயிற்றே என்பார்கள். உண்மைதான். கழுதைப்புலிகளில் முக்கியமான இரண்டுக்குக் குரல் கொடுத்தவர்கள் யார்? கறுப்பினத்தவரான ஊப்பி கோல்ட்பர்க்கும் மெக்சிக வம்சாவளியினரான சீச் மாரினும். ஒருவரை அரியணையில் உட்கார வைத்துவிட்டால் எல்லைக்கோடு அழிந்துவிடுமா?

உண்மையான கழுதைப்புலியின் கதையே வேறு. ஹன்ஸ் க்ரூக் 1960களில் தான்சானியாவின் காடுகளில் ஆராய்ந்து எழுதினார். புள்ளிக் கழுதைப்புலி பெரும்பாலும் தானே வேட்டையாடித் தின்கிறது. அது அடித்த இரையைச் சிங்கம் வந்து பறித்துத் தின்பதும் அடிக்கடி நடக்கிறது. உழைத்தவனைத் திருடன் என்பதும், பறித்தவனை ராசா என்பதும் இங்கே மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

2019இல் இதன் மறு ஆக்கம் தமிழ் பேசிக்கொண்டு நம் தெருவுக்கும் வந்தது. எங்கள் சேரிப் பிள்ளைகள் சிங்கராசா விளையாட்டு ஆடினார்கள். இருக்கிறவர்களிலேயே கறுத்த பையனைக் கழுதைப்புலியாக்கினார்கள். அவனும் மறுப்பேதும் சொல்லாமல் நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரித்துக் காட்டினான். அந்தச் சிரிப்புதான் இத்தலையங்கத்தை எழுத வைத்தது.

1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர், கறுப்பினக் குழந்தைகள் முன் கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளை வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்சநீதிமன்றம், கிளார்க்கின் ஆய்வையும் சுட்டியது. பொம்மை சும்மா பொம்மை இல்லை தோழர்களே.

எதிர்த்துக் கேட்டால் ஓரளவு அசையவும் செய்கிறார்கள். 1992இல் வந்த ‘அலாவுதீன்’ படத்தின் தொடக்கப் பாட்டு, அரபு மண்ணைக் காதறுக்கும் நாடு என்று இழிவுபடுத்தியது. அரபு அமெரிக்கர்கள் போராடினார்கள். 1993 வீடியோவில் அந்த வரி மாறியது. காட்டுமிராண்டித்தனம் என்ற வசை மட்டும் அப்படியே நின்றது. மீதிப் போராட்டம் அங்கிருந்துதான் தொடர வேண்டும்.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகளிடமிருந்து பிடுங்கவும் சொல்லவில்லை. சேரிகளில் மாலைநேர வகுப்பு எடுக்கும் மாணவத் தோழர்கள் இந்தப் படத்தையே போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். கழுதைப்புலிக்கு ஏன் பசி? எல்லையைப் போட்டது யார்? மான் ஏன் கும்பிடுகிறது? ராசாவே இல்லாத காட்டில் மழை பெய்யாதா? பிறகு கழுதைப்புலிக் குட்டி சொல்வதுபோலக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் சொல்வார்கள். அதை எழுதி அனுப்புங்கள், நம் பக்கங்களில் போடுவோம்.